நூற்று எண்பதாவது நாள்

ஒப்பந்தத்தில் நூற்று எழுபத்தொன்பது நாள்.
நூற்று எண்பதாவது நாள்
நாங்கள் யாருமில்லை.
அதற்கடுத்த விடியலில் மறுபடி கையெழுத்து,
மறுபடி பண்டாரவளை மாநகரசபையின்
தற்காலிகச் சுகாதாரத் தொழிலாளர்.

பதினொரு வருஷத்தில்
இருபத்திரண்டு தடவை யாருமில்லாமல் போயிருக்கிறோம்.

அந்த ஒரு நாளுக்குக்
கையுறையைத் திருப்பிக் கொடுக்கவேணும், பூட்ஸையும்.
சந்தைக்கு இது தெரியாது.
லீக்ஸ் தாளும் கோவா இலையும் மழையில் ஊறி
ஸ்டேஷன் ரோட்டுக் கானை அடைத்துக் கிடக்கும்.
"சும்மா வந்து ஒரு கை குடுங்க,
நாளைக்குச் சைன் வைக்கத்தானே போறீங்க"
என்பார் சுப்பவைசர்.
சும்மாதான் போவோம்.
அப்படிப் போன ஒரு நாளில்தான்
உடைந்த போத்தல் கனகமணியின் உள்ளங்கைக்குள் போனது.
எங்கே வெட்டியது என்று நர்ஸ் கேட்க
கொஞ்சம் யோசித்து
"வீட்டில" என்றாள்.

நிரந்தரக்காரருக்குச் சம்பளம் கூடியது.
எங்களுக்கு இல்லை.
சேவையில் தொடர்ச்சி கிடையாதாம்.

தொழில் கந்தோரில் சபையின் வக்கீல்
சிங்களத்தில் ஒப்பந்தத்தை வாசித்தார்.
மொழிபெயர்ப்பாளர் லீவில்.
எங்கள் டிரக்டர் ஓட்டும் விமலதாசதான்
பின்வாங்கிலிருந்து
தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்:
"நடுவுல ஒரு நாள் ஓட்டை இருக்கு என்றார்.
அந்த நாள் வேலை செஞ்சதுக்கு
சாட்சி இருக்கா என்றார்."

சொல்லிவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.
அவருக்குப் பென்சனுக்கு எட்டு மாதம்.
பிறகு எழும்பிப் போய்
ஷொப்பிங் பேக்கில் சுற்றிய புத்தகமொன்றை
மேசையில் வைத்தார்.
டீசல் கணக்கு.
திகதி, லீற்றர், போன இடம்.
கடைசிக் கட்டத்தில், ஆட்கள்: ஆறு.
இருபத்திரண்டு நாளுக்கும்
எண்ணெய்க்கறை படிந்த ஆறு.

வக்கீல் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.
"ஆறு பேர், சரி.
எந்த ஆறு?"

ஒருவரும் பேசவில்லை.
வாங்கில் ஆறு பேர் இருந்தோம்.
கனகமணி கையை மடியில் மூடியிருந்தாள்.
பிறகு, யாரும் கேட்காமலே,
மேசைமேல் மல்லாத்தி வைத்தாள்.
தழும்பைப் பார்த்த அதிகாரி
புத்தகத்தில் அந்தத் திகதியைத் தேடினார்.
எதையோ எழுதினார்.
எதை என்று விமலதாசவுக்கும் தெரியவில்லை.

விசாரணை தள்ளிப்போனது.
வெளியே மூடுபனிக்குள் நின்று
மறுதிகதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
சரியாக நூற்று எண்பதாவது நாள்.

லீவு கேட்கத் தேவையில்லை.