நாற்பது நிமிடம் தண்ணீர் இல்லை

ஜின்ஜாங் வடக்கு, பி பிளாக்.
இரவு இரண்டு ஐந்து.
கூடைப்பந்துத் திடலில்
சிமெண்ட் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தில்
ஒரு சாண் தோண்டிக் கருவியை இறக்கினோம்.
சோற்றுப்பானை அளவுதான் இருக்கும்.
முகம் வடக்கே.
கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
ஃபிர்டாவுஸ் மூச்சைப் பிடித்தபடி திருகினான்.

மூன்று காதுகள் அதற்கு:
வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு, மேல் கீழ்.
பலாப்பழம் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பார்.
நாங்கள் தட்டுவதில்லை.
ஊரே தட்டிக்கொண்டிருக்கிறது:
கெப்போங் சாலையில் மணல் லாரி,
கீழ்வீட்டில் யாரோ புரண்டு படுப்பது,
கிள்ளானுக்கும் அப்பால், நாங்கள் பார்க்காத கரையில்
உடைந்துகொண்டே இருக்கும் அலை.
மற்றவர்கள் இரைச்சலென்று துடைத்துப் போடுவதைக்
கூட்டி அள்ளுவது எங்கள் வேலை.

முதல் பதிவில் ஓர் ஊசி.
மெலிந்து, நிமிர்ந்து, அப்பட்டமான பொய்.
மண் இப்படிப் பேசாது. மண் எழுந்தால்
குன்றுபோலச் சரிவோடு எழும்.
இது மோட்டார்.
காவலர் தில்பகதூரிடம் கேட்டேன்:
தண்ணீர்ப் பம்பை நாற்பது நிமிடம் நிறுத்தலாமா?
என்னைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.
மறுபடி என்னை.
நிறுத்தினார்.

இருபது நிமிடம் போனதும்
ஏழாம் மாடியில் சன்னல் திறந்தது.
தலை நிறைய நுரை.
"தண்ணிய யார்லா அடைச்சது?"
அந்தக் குரல் பதிவாகவில்லை,
காற்றில் போவது எங்களுக்குக் கேட்காது.
கோபத்தில் அவர் படியிறங்கிய ஒவ்வோர் அடியும்
பதிவாகியிருக்கிறது.
ஏழு மாடி.
அதை வெட்டி எடுத்துவிட்டேன் பிறகு,
கொஞ்சம் வருத்தத்தோடு.

பெயர் மதியழகன். கையுறைத் தொழிற்சாலை, இரண்டாம் ஷிப்ட்.
"அசையாதீங்க அண்ணே," என்றேன் மெதுவாக.
ஏனென்று கேட்காமலே நின்றார்,
பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.
நுரை காய்ந்து நெற்றியில் வெள்ளையாய்ப் படிந்தது.
பத்து நிமிடம் கழித்து அவரே கிசுகிசுத்தார்:
"சுமத்ரா ஆடினப்போ எங்க மீன்தொட்டித் தண்ணி
தரையில ஊத்துச்சு.
கீழ கடையில வந்து சொன்னா
குடிச்சிருக்கியான்னு கேட்டானுங்க."

நான் பதில் சொல்லவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

நீரிணை தாண்டி வரும்போது
படபடப்பையெல்லாம் தூரம் தின்றுவிடும்.
நிதானமானவை மட்டும் வந்து சேரும்,
நெடுந்தொலைவு நடந்தவர்போல
மெல்ல, மெல்ல.
பாறை அவற்றைக் கண்டுகொள்ளாது.
ஆனால் இங்கே கீழே பாறை இல்லை, வெகு ஆழம்வரை.
ஈயலம்பம் வெட்டிய குளம் இது.
கழுவிய மணலையும் சேற்றையும் கொட்டி நிரப்பி
மேலே புல் வைத்து
பிளாக்குகளுக்கு ஏ, பி, சி என்று பெயரிட்டார்கள்.
தட்டை லேசாக அசைத்தாலே போதும்,
அதன் மேலிருக்கும் அகார் அகார் என்ன ஆட்டம் ஆடும்.

பக்கவாட்டை மேல்கீழால் வகுத்தேன்.
இந்த முறை ஊசி இல்லை. குன்று.
ஒரு முறை போய்வர
ஒரு விநாடியும் கொஞ்சமும்.
மடிக்கணினியை மூடாமலே
கட்டடத்தை அண்ணாந்து எண்ணினேன்.
மாடிக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி,
குத்துமதிப்பான கணக்கு.
பதினொன்று.
கீழிருந்து எண்ணியது போதாதென்று
மேலிருந்தும் எண்ணினேன்.
பதினொன்றுதான்.

ஃபிர்டாவுஸ் திரையைப் பார்த்தான்,
உடனே கேபிள் சுருட்டப் போய்விட்டான்.

"என்ன சொல்லுது?"
எப்போது வருமென்று இதற்குத் தெரியாது, அண்ணே.
வந்தால் எதோடு சேர்ந்து ஆடுமென்று மட்டும் தெரியும்.
அறிக்கையில்
'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதுவேன், எழுதத்தான் வேண்டும்,
ஓர் இரவு ஒரு குழி போதாது.
செராஸில் என் வீட்டுக்கடியில்
இன்னும் நான் கருவி வைக்கவில்லை
என்பதைச் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
"உங்க மீன்தொட்டி பொய் சொல்லல."

அவர் சிரித்தாரா என்று
காய்ந்த நுரைக்கடியில் தெரியவில்லை.
தில்பகதூர் பொத்தானை அழுத்தினார்.
சுவருக்குள் குழாய் நடுங்கி,
ஒவ்வொரு மாடியாக ஏறி,
ஏழாவதில் திறந்தே கிடந்த குழாயில்
முதலில் காற்று இருமியது.