ஏர்

பட்டறையில் அதை ஏர் என்பார்கள்.
பெடல்ல ஏர் புடிச்சிருக்கு, எடுக்கணும்.
முதல்முறை கேட்டபோது
கலப்பையைத்தான் நினைத்தேன்.

ஞாயிறு. கன்னங்குறிச்சி. குழாயில் தண்ணீர் வராத நாள்.
முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து
இடது பின்சக்கரத்தைக் கழற்றி
சாக்கை விரித்து
பாதி உடம்பு வண்டிக்கு அடியில்,
மீதி வெயிலில்.
எட்டாம் நம்பர் ஸ்பேனர்.
காலாவதியான டிரிப் செட்டிலிருந்து வெட்டிய டியூப்:
ஒரு முனை நிப்பிளில்,
மறுமுனை ரோஸ்மில்க் பாட்டிலில்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் அருளப்பன்.
அவர் முகம் எனக்குத் தெரியாது
என் கை அவருக்குத் தெரியாது.

"இன்னிக்கே என்ன அவசரம், பெனிட்டா?"
"அழுத்துங்க."
ஒன்று. இரண்டு. மூன்று.
"புடிங்க."
கால் சுற்று திருகினேன்.
பெடல் இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது.
டியூபில் கடுங்காப்பி நிறத்தில் ஒரு கசடு,
அதன் பின்னால் குமிழ்,
குமிழ்,
ஒரு நீளமான வெறுமை,
குமிழ்.
"விடாதீங்க, விடாதீங்க...
மூடிட்டேன். இப்ப விடுங்க."

பானெட் பக்கத்திலிருந்து ஜெசிந்தா:
"ம்மா, கோட்டுக்குக் கீழ போகுது."
ஊத்து. பெயின்ட்ல சிந்தாம ஊத்து, தின்னுடும்.

பதினாறு வருஷமாக ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
டியூபை விரலால் சுண்டிச் சுண்டிக்
காற்றை மேலே விரட்டுவது
தூக்கத்திலும் வரும்.
காப்பித் தோட்டத்து ஆட்கள்
ஊசியைப் பார்க்காமல்
சன்னலைப் பார்ப்பார்கள்.
வலிக்காது என்று நான் சொல்வதில்லை.
சுருக்குன்னு இருக்கும் என்பேன்.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி மட்டும்
எதுவும் சொல்லவில்லை.

வலது பின்சக்கரம். அதிகம் இல்லை, நாலு குமிழ்.
இடது முன்சக்கரத்துக்குச் செங்கலை மாற்றி வைத்தோம்.
எதிர்வீட்டு ஜோதிலிங்கம் வந்து நின்று
மெக்கானிக்கிட்ட விட்டா முந்நூறு ரூபாதானே என்றார்.
ஆமாம் என்றோம் இரண்டு பேரும்.
போய்விட்டார்.

"அழுத்துங்க."
ஒன்று. இரண்டு. மூன்று.
"புடிங்க."
"எத்தனாவது வளைவு?"

ஸ்பேனர் நிப்பிளிலேயே நின்றது.

"என்னது?"
"பம்பர்ல பாசி ஒட்டியிருந்துச்சு. புதன்கிழமையே பாத்தேன்.
எத்தனாவது?"

"பதினொண்ணு."

அவர் காலை எடுக்கவில்லை.
விடச் சொல்லி நான் சொல்லவில்லையே.

அப்படியே கிடந்து சொன்னேன்,
வண்டியின் வயிற்றைப் பார்த்து:
முன்னால் மூங்கில் லாரி, பின்னால் பஸ்,
பதினாலில் ரப்பர் எரிகிற வாடை,
பதினொன்றில் மிதித்தால்
மாவில் கால் வைத்த மாதிரி பெடல்.
ரெண்டாவது கியர். கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக.
மலைப்பக்கச் சுவரில் உரசி உரசி நின்றேன்.
பஸ்காரன் ஹார்ன் அடித்தான், பிறகு
என்னைப் பார்த்து அடிப்பதை நிறுத்தினான்.
ஒரு குரங்கு பானெட்டில் ஏறி
சூடு தாங்காமல் குதித்து ஓடியது. நான் சிரித்தேன்.
முக்கால் மணி நேரம் ஆறவிட்டு
ஊர்ந்து இறங்கி வந்து
உங்களுக்கு ரசம் வைத்தேன்.

"அன்னிக்கு ரசத்துல உப்பே இல்ல" என்றார்.

அப்புறம்:
"கால் மரத்துப் போச்சு. திறக்கறியா?"

திறந்தேன்.
வந்தது நிறைய.

வலது முன்சக்கரத்தில்
தேன் நிறத்தில் ஒரே சீராக இறங்கியது.
பெடல் பாதியில் நின்று கல்லானது.
நான் ஏறி மிதித்தேன், ஜெசிந்தா ஏறி மிதித்தாள்,
அவர் மறுபடி மிதித்தார்.

பாட்டிலில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி
பேனாவால் எழுதினேன், பழக்கதோஷம்:
பெயர் ஜென். வயது பத்தொன்பது.
குடிக்கக் கூடாது.

கைகளை மண்ணெண்ணெயில் துடைத்தபடி
அவர் சொன்னார்:
"அந்தச் செங்கல் ரெண்டும்
டிக்கியிலயே கெடக்கட்டும்."