கருமாத்தூர் பக்கம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

மீட்டர் பெட்டியைத் திறக்குமுன்
இரண்டு தட்டு தட்ட வேண்டும்.
இதை அலுவலகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.
ஒரு குளவி சொல்லித் தந்தது,
இடது இமையில்.

முதல் தெரு, முதல் வீடு.
மீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே
பல்லி முட்டை இரண்டு,
சுண்ணாம்பு உருட்டி வைத்தாற்போல.
நாலாயிரத்து நூற்று முப்பது வரை தெரிகிறது.
கடைசி இலக்கம் முட்டைக்குப் பின்னால்.
இரண்டா, ஏழா?
இரண்டு என்று எழுதினேன்.
ஐந்து யூனிட் பல்லிக்குத் தள்ளுபடி.

நாகமலையைப் பாம்பு என்பார்கள்.
என் ஸ்கூட்டிக்குப் பக்கத்திலேயே
ஊர்ந்து வருகிறது காலையெல்லாம்.
வால்தான் இங்கே.
தலை, நகரத்துக் காலனிகளுக்குள்
எங்கேயோ மாட்டிக்கொண்டது.

கடலைக் காட்டில் விருமாயி
தட்டை அடித்து மயிலை விரட்டுகிறாள்.
"முருகன் வேற வண்டி வாங்க மாட்டானா,
ஒன்னையே கட்டிக்கிட்டு அழுகுறான்!"
ஏசி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.
மயில் நாலு எட்டு தள்ளிப் போய்
மறுபடியும் கிளறுகிறது.
அவளுடையது விவசாய இணைப்பு, கணக்கெடுக்க ஏதுமில்லை.
சும்மாதான் நின்றேன்.

கண்மாயில் முழங்கால் தண்ணீர்.
மண் அள்ளிய குழிகளில் மட்டும் ஆள் ஆழம்.
மதகுச் சுவரில் காயும் பாவாடைகளுக்கு நடுவே
ஒரு நீர்க்காகமும் சிறகை விரித்துக் காய்கிறது.
துவைக்க வந்தவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி
ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.
கறுப்புப் பாவாடை பறந்தது.

பஞ்சாயத்து மோட்டார் அறை.
ஸ்டார்ட்டர் மேல் சாரைப்பாம்பின் சட்டை,
முழுசாக,
கண்ணை மூடியிருந்த இரண்டு வட்டச் சில்லுகள் உட்பட.
ஆபரேட்டர் காசிமாயன் அதை எடுக்க விடுவதில்லை.
எலி பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதாம்.
எலிப்புழுக்கை கிடக்கிறதே என்றேன்.
"அது பழசு" என்றார்.

கடைசித் தெருவில் சீனித்தாய்
பெட்டியின் முன் கையை விரித்து நின்றாள்.
"தொறக்காதே. குருவி குஞ்சு பொரிச்சிருக்கு.
இருவது நாள் கழிச்சு வா."
இருபது நாளில் கெடு முடிந்துவிடும் என்றேன்.
"போன தடவை என்ன போட்டியோ அதையே போடு."
போன தடவை தொண்ணூற்று ஆறு.
நூறு வரைக்கும் இலவசம்.
இது சித்திரை வெயில்.
வீட்டுக்குள் இரண்டு மின்விசிறி
அரைத்துக்கொண்டிருக்கும் சத்தம்
அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.
பெட்டி இடுக்கில் மஞ்சள் வாய் நாலு
ஒரே நேரத்தில் திறந்தன.
அவள் சிரித்தாளா,
வெயிலுக்குப் பல் தெரிந்ததா,
தெரியவில்லை.
தொண்ணூற்று ஆறு என்று எழுதினேன்.

ஆனியில் போனபோது
பெட்டி திறந்தே கிடந்தது.
மூன்று மாதத்து விசிறிக் காற்றும் சேர்ந்து
எண்கள் ஓடியிருந்தன.
தொகையைச் சொன்னேன்.
சீனித்தாய் ஒரு வார்த்தை பேசவில்லை,
முந்தானை முடிச்சை அவிழ்த்து
எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி முடிந்துகொண்டாள்.
"திங்கக்கெழமை கட்டுறேன்."
பிறகு, காலியான கூட்டை என் கையில் வைத்தாள்,
ஏதோ அதுவும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டிய
சாமான் போல.
தேங்காய் நார், கோழி இறகு, சவுரி முடி,
நடுவில் மெத்தையாக
பழைய வெள்ளை அட்டையின் கிழிசல்.
மாசி என்று பாதி தெரிகிறது.
என் கையெழுத்துதான்.

ஸ்கூட்டி இருக்கைக்கு அடியில்
மழைக் கோட்டோடு வைத்தேன்.

அடுத்த வீடு.
இரண்டு தட்டு.
உள்ளே யாரோ
நகர்ந்து உட்காருகிறார்கள்.