வரிசையில் நாற்பத்தொன்று

இரண்டு பல்கலைக்கழகத் தலைவர்கள், ஒரே பேனா.
கையெழுத்திட்ட படத்தில் கெட்டூரா இல்லை.
அப்போது நூலகத்துப் பொய்க்கூரைக்குள் தலையை நுழைத்து
கண்ணாடியிழை வடத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.
உற்றுப் பார்த்தால்
ஓரத்தில் ஏணியின் ஒரு கால் தெரியும்.

மிசிசிப்பியில் இரவு மணி இரண்டே கால்.
அப்பா லான்சோ இந்நேரம்
கெளுத்திக் குளங்களின் கரையில் டார்ச்சோடு நடப்பார்.
மூச்சு முட்டினால் மீன்கள் மேலேறி
வாயைத் திறந்து மூடும்.
போன கோடையில்
விடிந்தபோது ஒரு குளம் முழுக்க வெள்ளை வயிறு.

எந்தக் குளம், எத்தனை மணிக்கு?
அந்தக் கணக்கைத்தான் அனுப்பியிருக்கிறாள்
எழுநூறு மைல் வடக்கே
குளிரறையில் உறுமும் கணினிக்கு.
அவள் மடிக்கணினி என்றால் ஒன்பது நாள்;
அதற்குள் மீன் செத்து, நாறி,
புதைத்தும் ஆகிவிடும்.

வரிசையில் நாற்பத்தொன்று, என்கிறது திரை.
பின்னால் நாற்பத்திரண்டாவதாக
அந்தப் பெரிய வளாகத்துப் பேராசிரியர் யாரோ.
வரிசைக்கு இந்த ஊரில் பழைய அர்த்தம் ஒன்று உண்டு,
பின்வாசலில் போய் முடிவது.
அதை அவள் நினைக்கவில்லை.
நினைக்காமலும் இல்லை.
காபி ஆறுகிறது.

நாற்பது.

முப்பத்தொன்பதில் போன் அடிக்கிறது.
"மூணாம் குளத்துல மேல வருது. உன் மிஷின் என்ன சொல்லுது?"

"முன்னால இன்னும் முப்பத்தெட்டு பேருப்பா.
நீங்க சக்கரத்தைச் சுத்த விடுங்க."