ஆறாம் வகுப்பு, நான்காவது வருடம்

வாசகர் அட்டைகளைப் பிரிப்பது என் வேலை.
டோக்கியோ, கண்டா, நான்காவது மாடி, ஜன்னல் இல்லாத பக்கம்.
சிறுமிகளுக்கான மாத இதழ்.
அதில் வரும் கதைதான் ஞாயிறு காலை எட்டரைக்கு
அனிமேவாக ஓடுகிறது,
இடைவேளையில் பொம்மை ஹேர்டிரையர் விற்கிறது.

அட்டை கேட்பது கொஞ்சம்தான்:
ஆணா, பெண்ணா, எத்தனையாம் வகுப்பு,
எந்தப் பக்கத்தில் அழுதாய்,
யார் போட்ட உடுப்பு உனக்கு வேண்டும்.
வகுப்பு ஒன்பதோடு முடிந்துவிடும்.
அதற்கு மேலும் ஆள் இருக்கலாமென்று
கட்டம் வரைந்தவருக்குத் தோன்றவில்லை.

ஹச்சினோஹே துறைமுகத்திலிருந்து ஒன்று வரும், மாதம் தவறாமல்.
ஷிராஹமா எட்சுகோ. பெண். ஆறாம் வகுப்பு.
எழுத்து மட்டும் வலை இழுத்த கையின் எழுத்து,
பேனா அட்டைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.
ஓரத்தில் உப்பு பூத்திருக்கும். ஒரு முறை கணவாய் மை.
உடுப்புக் கேள்வி எப்போதும் காலி.
நான்கு வருடமாக ஆறாம் வகுப்பு.
பாவம், ஒவ்வோர் ஏப்ரலும் ஃபெயில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல எனக்கென்ன யோக்கியதை?
பன்னிரண்டு வயதில், ரோபோக்கள் மோதிக்கொள்ளும் இதழுக்கு
'ஆண்' என்று டிக் அடித்து அனுப்பியவள்.
பெண்கள் போடும் அட்டையைத் தனி டப்பாவில் தள்ளிவிடுவார்கள்
என்றான் அண்ணன்.
(இப்போது தெரியும். தள்ளுகிறோம்.)

எட்சுகோ எழுதினாள்:
"தோழிகள் இருவரும் பேசாமல்
சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடும் அந்த ஐந்து பக்கம்.
அழவில்லை.
கண்ணில் எதிர்காற்று அடித்த மாதிரி இருந்தது."

அதே ஐந்து பக்கத்தைத்தான்
அனிமேயில் வெட்டச் சொல்லியிருந்தார் குசுமோட்டோ.
சிறுமிகள் பொறுக்க மாட்டார்களாம்,
ரிப்பன் சுழல வேண்டும், உடை மாற வேண்டும், மின்ன வேண்டும்.
அட்டையைப் பார்த்ததும் கூட்டத்தில் தூக்கிப் பிடித்தார்:
"இதுதான் பதினோரு வயதுப் பெண் மனசு!
நம்மைப் போன்ற ஆண்களுக்கு இது பிடிபடாது."
சைக்கிள் பிழைத்தது.

அந்த மாதக் குலுக்கலில்
இளஞ்சிவப்பு ஜிப் பை எட்சுகோவுக்கு விழுந்தது.
விழவில்லை, நான் போட்டேன்.

பதில் சாதாரணத் தபால் அட்டையில் வந்தது:
"பையில் பதினாறு தூண்டில்முள் கொள்கிறது.
ஜிப் துருப்பிடிக்கவில்லை.
யாருடையது என்றார்கள் படகில். மகளுடையது என்றேன்.
எனக்கு மகள் இல்லை.
ஷிராஹமா எட்சுஜி, ஐம்பத்து நான்கு."

கணினியில் அடித்துப் பார்த்தேன்.
ஆண்: ஏற்றுக்கொண்டது.
ஐம்பத்து நான்கு: சிவப்பில் துடித்தது,
ஒன்று முதல் ஒன்பது வரை மட்டும்.

மே மாதம் வழக்கம்போல எட்சுகோ.
பெண். ஆறாம் வகுப்பு.
உடுப்புக் கேள்விக்கு முதல் தடவையாகப் பதில்:
எட்டாம் பக்கத்து மஞ்சள் மழைக்கோட்டு.
அந்த மாதிரிப் பொத்தான்
கடையில் கிடைக்குமா?