மணிக்கூடு பின்னுக்கு நிற்கிறது

யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி.
ஏசி என் தோளுக்குப் பக்கத்தில் சொட்டுகிறது,
கீழே ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம்.
எட்டரைக்கு முன்பே இருபத்திமூன்று பேர் வரிசையில்:
வெளியூர்க் கிளைகள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள்,
ஒருவர் ரயிலில்.
எல்லாருக்கும் அஞ்சல் பெட்டி திறக்கவில்லை.
எல்லாரும் முதலில் சொல்வது,
நான் ஒன்றையும் தொடவில்லை.

நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு
கேப்ஸ் லொக் விளக்கு எரிகிறதா என்று கேட்பேன்.
கொஞ்ச நேரம் சத்தமிருக்காது.
பிறகு ஒரு "ஆ".
அந்த "ஆ"வுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கல்முனை நஸ்லியாவின் கணக்கு
கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூட்டிக்கொள்கிறது.
மூன்று நாளாக நான் திறக்க, அது பூட்ட.
பதிவுகளைப் பார்த்தால் யாரோ
பழைய கடவுச்சொல்லோடு தட்டிக்கொண்டேயிருக்கிறார்கள்,
நடுச்சாமத்திலும், சுபஹுக்கு முன்பும்.
யாரது என்று பயந்துபோனாள்.
மகன் கேம் விளையாடும் பழைய போன்.
கண்ணாடி உடைந்து, கட்டிலுக்கடியில் சார்ஜரில் கிடந்து,
பூட்டு மாறியதை ஒருவரும் சொல்லாததால்
விசுவாசமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்குக் கிளிநொச்சி.
செபநாயகம், சேமிப்புப் பிரிவு.
"பிள்ளை, சிவப்பில ஒரு முக்கோணம் வருது.
உள்ள கள்ளர் நிக்கினமாம்."
கீழே சின்னதாக ஆங்கிலத்தில் இருப்பதை
வாசியுங்கள் என்றேன்.
எழுத்துக்கு ஓர் ஊராக வாசித்தார்:
சிலாபம், ஏறாவூர், ரத்மலானை, திருகோணமலை,
"ஒரு கோடு கீழ கிடக்கு",
தெஹிவளை, அம்பாறை,
திரும்பவும் திருகோணமலை, ஏறாவூர்.

உங்கள் திரையின் வலது மூலையில் என்ன நேரம்?
"பன்னிரண்டு பத்து. பிழையா நிக்குது."
திகதி?
"முதலாந் திகதி. தை."
பிறகு மெல்ல,
"ரெண்டாயிரத்து ஒன்பது."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.
லைனில் அவருடைய மின்விசிறி மட்டும்
ஒரு பக்கம் தட்டித் தட்டிச் சுற்றியது.

விளக்கம் சின்னது.
உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி.
அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போது
கணினி தான் செய்யப்பட்ட காலத்துக்குப் போய்விடும்.
அங்கே நின்று பார்த்தால்
எங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை.
பிறக்காததை எப்படி நம்புவது என்று
அது கேட்பதில் பிழையுமில்லை.

இதை அவருக்கும் சொன்னேன்.
"முந்தநாள் ராத்திரி கரண்ட் போனதுதான்" என்றார்.
"அந்தத் தையில நாங்கள் இஞ்ச இல்லை, பிள்ளை.
இந்தக் கட்டடமும் இல்லை."
அதற்கு என்னிடம் படிமுறை ஏதுமில்லை.
"சரி, எங்க மாத்திறது?"

மணிக்கூட்டின் மேல் வலது பக்கம் அமத்துங்கோ.
வருசத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு.
ஒவ்வொன்றாக ஏற்றினார், வாய்விட்டு:
பத்து. பதினொண்டு. பன்னிரண்டு.
எண்ணை நேரே அடிக்கலாம்.
நான் சொல்லவில்லை.
அழைப்பு ஏழு நிமிடம் தாண்டினால்
என் திரையிலும் சிவப்பு வரும். வந்தது.
பத்தொன்பதில் நின்று, தொண்டையைச் செருமி,
மற்றதுக்குப் போனார்.

"வந்திட்டுது!"
வாசிக்காதவை நூற்றுப் பதினான்கு.
மேலே கிடந்தது நான் அனுப்பியது:
உங்கள் மின்னஞ்சல் திறக்காவிட்டால்
இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும்.
அதை எனக்கே வாசித்துக்காட்டிச் சிரித்தார்.

காரணம் என்ற கட்டத்தில்
நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
பற்றரி என்று எழுதி மூடினேன்.
ஐஸ்கிரீம் பெட்டி நிறைந்துவிட்டது, ஊற்றிவிட்டு வந்தேன்.
பம்பலப்பிட்டியில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கலாம்,
இன்று பின்னேரம் கூரியரில் போட்டால்
நாளை மறுநாள் போய்ச் சேரும்.
அதுவரை அங்கே கரண்ட் போகக்கூடாது.