நரம்பு

மூன்று நாளாக ஒற்றைக் காலில் நின்றது.
கோழி ஒற்றைக் காலில் நிற்பது அதிசயமில்லை,
அதுவும் சிலோயே தீவின் ஜூலை மழையில்.
குளிருக்கு என்று விட்டுவிட்டேன்.
நாலாம் நாள் தீவனத் தட்டுக்கு வரவில்லை.
தூக்கிப் பார்த்தால்
இடது பாதம் கிழங்காக வீங்கியிருந்தது,
எங்கள் தோட்டத்து ஊதா உருளைக்கிழங்கு,
அதே பருமன், அதே நிறம்.

கால்நடை மருத்துவர் இருப்பது காஸ்ட்ரோவில்.
ஒரு படகு, இரண்டு பஸ்.
கோழி விலையைவிட டிக்கெட் அதிகம்.
"பூசணி போட்டு சூப் வைத்துவிடு நோல்ஃபா"
என்றாள் என் மைத்துனி போனில்.
நீல முட்டை இடுகிற கோழியாக்கும், என்றேன்.
கடைசியாக எப்போது இட்டது என்று கேட்டாள்.
போனை வைத்துவிட்டேன்.

விறகடுப்பில் வெந்நீர் போட்டு
முழங்கையால் சூடு பார்த்து
ஒரு கைப்பிடி உப்பு கரைத்தேன்.
துண்டில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டால்
ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வந்த குழந்தையின் எரிச்சல்
அதன் முகத்தில்.
கால் மணி நேரம் ஊறியதும்
செதில் இளகி, அழுக்குக் கரைந்து,
கணுவுக்கு மேலே ஒரு பள்ளம் தெரிந்தது,
மோதிரம் கழற்றிய விரலில் இருக்குமே, அப்படி.
பள்ளத்தின் ஓரத்தில்
பளபளவென்று ஒரு முனை.

நரம்பு.
தூண்டில் நரம்பு. பச்சை.
எங்கள் கரையில் பச்சை வாங்குகிறவன் ஒருவன்தான்.

பால்தேமார், பக்கத்து வீடு.
வேலியை நகர்த்திவிட்டான் என்பேன் நான்.
நிலநடுக்கத்தில் நிலம்தான் நகர்ந்தது என்பான் அவன்.
இரண்டு குளிர்காலமாகப் பேச்சில்லை.

கோழியை அமுக்க ஒரு கை,
காலைப் பிடிக்க ஒன்று,
கத்தரிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று.
எப்படிக் கூட்டினாலும் இரண்டு கை குறைந்தது.
அக்குளில் கோழியை இடுக்கிக்கொண்டு
மழையில் போய்
அவன் கதவை உதைத்தேன்.
தட்டுவதற்கும் கை இல்லை.

கோழியைப் பார்த்தான். காலைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
மூக்குக்கண்ணாடி தேடி உள்ளே போனான்.

அவன் மேசை, அவன் விளக்கு,
மீசை வெட்டும் அவன் கத்தரியைக் கொதிநீரில் போட்டெடுத்து
நான்தான் வெட்டினேன்.
ரத்தத்தில் பச்சை பச்சையாக இல்லை.
ஊசியால் நிமிண்டினால் எல்லாம் இழை,
எல்லாம் ஒரே ஈரம்.
எது நரம்பு, எது நரம்பு?
"இது என்னுடையது" என்றான்,
விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து.
"அது கோழியுடையது. தொடாதே."
எது யாருடையது என்று
இத்தனை நிதானமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

நாலு சுற்று.
நாலாவதை உருவும்போது கோழி ஒரு சத்தம் போட்டது,
கொக்கரிப்பு இல்லை, அதற்குப் பெயர் தெரியாது.
அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
பிடியை விடவில்லை.

அயோடின். மெல்லிய துணி.
மேலே அவன் மகன் கால்பந்துக்குக் கட்டும் நீல நாடா.
ரொம்ப இறுக்காதே, என்றேன்.
தெரியும், என்றான்.
தெரியாமல் என்ன,
நாலு துண்டும் தேநீர்த் தட்டில்
அவன் கண்ணெதிரே கிடக்கிறதே.

அன்றிரவு அடுப்போரத்து அட்டைப்பெட்டியில்
கோழி அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது.
கோழித்தூக்கம் எனக்கு.

ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான், கட்டு மாற்ற.
வேலிப் பேச்சை அவனும் எடுக்கவில்லை.
மூன்றாம் வாரம் ஓர விரல் கருத்துக் காய்ந்து
வைக்கோலில் உதிர்ந்து கிடந்தது,
கிராம்பு என்றே நினைத்தேன்.

இப்போது கடல் வற்றினால்
வேலிச் சந்து வழியாக
அதே கரைக்குத்தான் போகிறது, புத்தி கெட்டது.
சேற்றில் ஒரு தடம் முழுசு, ஒரு தடம் குறை.
பால்தேமார் வாசலில்
பால் பவுடர் டப்பாவைச் சுற்றி
இறுக்கமாகப் பச்சை நரம்பு.
வேலி இருந்த இடத்தில் இருக்கிறது.

முட்டை இன்னும் இடவில்லை.
இட்டது என்று
மைத்துனியிடம் சொல்லியிருக்கிறேன்.